பதினேழாவது வயர்

ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு
வீட்டிலிருந்த வயரையெல்லாம் மேசையில் கொட்டினேன்.
இடியப்பச் சிக்கு என்று சொல்லலாம்.
இடியப்பமென்றால் பிய்த்துத் தின்றாவது தீர்க்கலாம்.

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி, இரண்டு அறை.
சுவரில் ப்ளக் மூன்று; அதில் ஒன்று சுடும்.
ஆட்கள் நாலு பேர்.
"என்ட வயர யார் எடுத்தது?"
இதுதான் எங்கள் காலைச் செபம்.

கடையில் பட்டி விற்கிறார்கள், ஒட்டிப் பிரிக்கிற வகை,
ஆறு பட்டி எழுநூற்றைம்பது ரூபா.
எழுநூற்றைம்பதுக்கு என் பாஷையில்
மூன்று தேங்காய், கொஞ்சம் சில்லறை.
வைத்துவிட்டு வந்தேன்.

டொயிலட் ரோலின் உள்மட்டையை
இரண்டு மாதமாகச் சேர்த்திருந்தேன்.
கேட்டவர்களுக்கு, பிள்ளைக்கு ஸ்கூல் வேலை என்றேன்.
சப்பாத்துப் பெட்டிக்குள் நெருக்கி நிறுத்தினால்
தேன்கூடு மாதிரி.
கண்ணுக்கொரு வயர், மடித்து நுழைத்து,
தலை மட்டும் வெளியே.

பாண் பையின் வாயைக் கட்டிவரும் கம்பி
வயரின் இடுப்புக்குச் சரியான அளவு.
கழுத்து வெடித்த வயருக்கு
மை தீர்ந்த பேனையின் ஸ்பிரிங்கைச் சுற்றினேன்,
எலும்பு முறிந்தவனுக்குப் பட்டை போடுவதுபோல.
ரெஜினோல்ட் ஒஃபிசிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கிளிப்
மேசை ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்க,
அதன் காதுக்குள் ஒரு வயர்.
இனிக் கட்டிலுக்குக் கீழே கைவிட்டுத்
தேட வேண்டியதில்லை.

பெயருக்குப் பதில் நகப்பூச்சில் ஒரு பொட்டு.
அனெட்டுக்குச் சிவப்பு. எனக்கு வெள்ளி.
டெஸ்மனுக்கு மிச்சமிருந்தது பிங்க்;
மத்தியானம் வரை அவன் முகம் கொடுக்கவில்லை.

எண்ணினேன். பதினேழு.
பதினாறுக்கு ஆள் இருந்தது.

பதினேழாவது வெள்ளை, தடித்தது, வாய் அகலம்.
வீட்டிலுள்ள ஒரு போனும் அதை ஏற்கவில்லை.
போன் இல்லாத வயர் ஒரு வீட்டில் கிடந்தால்,
இரவு எட்டரைக்கு நாடகம் பார்ப்பவளுக்கு
ஒரே அர்த்தம்தான்.
கையில் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.
ரெஜினோல்ட் சேட் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அது டாபுட வயர்."
ரிப்பேருக்குக் கொடுத்த டாப். ஜூனில் கொடுத்தது.
"ரிப்பேர் இல்ல.
முதலாம் குறுக்குத் தெருவுல வித்துட்டன்.
டெஸ்மன்ட டியூஷன் காசு மூணு மாசம் நிண்டிச்சே."
அயர்ன் ஒரே இடத்தில் நின்றது.
"வயரையும் கேட்டான். குடுக்கல்ல.
வயர் கிடந்தா, டாபும் எங்கயோ கிடக்கிற மாதிரி
நீ நினைப்பாய்."
வயர் இல்லையென்று
ஆயிரத்தைந்நூறு வெட்டினானாம் கடைக்காரன்.

ஆறு தேங்காய்.
அதைத்தான் முதலில் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.
பிறகு சேட் தீயும் மணம்.

அன்று பின்னேரம்
மூன்றாம் மாடி றிஸ்மியா ஏறிவந்தாள்.
மகளுக்குப் பழைய டாப் ஒன்று வாங்கினார்களாம்,
சார்ஜ் போட வயர் தரவில்லையாம்,
"உங்கள்ட்ட ஏதும் ஈக்குதா?"
பெட்டியைக் காட்டினேன்.
தேன்கூட்டை மெச்சினாள், மட்டை எங்கே எடுத்தது என்றாள்,
ஒவ்வொன்றாய் சொருகிப் பார்த்தாள்.
பதினேழாவது 'டிக்' என்று உட்கார்ந்தது.

டாபின் மூலையில் சின்ன நசுங்கல்.
டெஸ்மன் கக்கூஸ் வாசலில் போட்டுடைத்த மாதிரியே.
எல்லா டாபும் எங்கேயாவது விழுந்துதான் இருக்கும்.
எங்கே வாங்கியது என்று நான் கேட்கவில்லை,
வாசல்வரை வந்து வழியனுப்பினேன்.
படியிறங்கும்போது வயரின் வால்
அவள் கையிலிருந்து ஆடிக்கொண்டு போனது.

இப்போது பெட்டியில் ஒரு கண் காலி.
இரவில் ரெஜினோல்ட் அதற்குள்
தன் மூக்குக்கண்ணாடியைச் சொருகி வைக்கிறார்.
காலையில் தேடுவதில்லை.